மூடி போட்ட கன்வேயர்: ஒரு சீனி ஆலை வெடிப்பும் மலையகத்துத் தேயிலை ஸ்டோரும்

2008 பெப்ரவரி 7, இரவு சுமார் 7.15 மணி. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், சவானா நகருக்குப் பக்கத்தில் உள்ள போர்ட் வென்ட்வேர்த்தில் இம்பீரியல் நிறுவனத்தின் சீனி ஆலை வெடித்தது. எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். தீக்காய மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களில் ஆறு பேர் பிறகு இறந்தார்கள். 36 பேருக்குக் காயம். அங்கே காஸ் கசியவில்லை, கொதிகலன் வெடிக்கவில்லை, எரிபொருள் தாங்கியும் இல்லை. வெடித்தது நாம் தேநீரில் போடும் அதே சீனியின் தூசு.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். சீனி ஆலையில் வெடிப்பைத் தொடக்கிவைத்தது ஒரு கன்வேயரின் மூடி. உணவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடு போட்ட மூடி அது. தரச் சான்றிதழுக்காக இன்று இலங்கை மலையகத்து ஸ்டோர்களில், தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் சிப்டிங் ரூமுக்குப் பொய்க்கூரை அடிக்கிறோம், கன்வேயர்களுக்குத் தகடு போர்த்துகிறோம், ஜன்னல்களை அடைக்கிறோம். அதனால் அந்த மூடியின் கதை நமக்கும் உரியதுதான்.

மூடி என்ன செய்தது

ஆலையில் மூன்று பெரிய சீனிக் குதிர்கள் நின்றன. அவற்றின் அடியில் ஒரு சுரங்கப்பாதை. குதிர்களிலிருந்து விழும் சீனியை அதில் ஓடிய உருக்குப் பட்டைக் கன்வேயர் எடுத்துச் சென்றது. பல வருடம் அந்தப் பட்டை திறந்தபடியே ஓடியது. சீனி சிந்தியது, தூசு பறந்தது. ஆனால் பறந்த தூசு சுரங்கத்தின் பெரிய காற்றில் கரைந்துபோனதால், வெடிக்கும் செறிவை அது எட்டவில்லை.

2007இல், மேலிருந்து அழுக்கு எதுவும் சீனிக்குள் விழக்கூடாது என்று பட்டையைச் சுற்றித் துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளால் பெட்டி கட்டினார்கள். அந்தப் பெட்டிக்குள் தூசை உறிஞ்சும் குழாய் வைக்கவில்லை. உள்ளே வெடித்தால் அழுத்தம் வெளியேற வழியும் வைக்கவில்லை. குதிரின் வாயில் சீனிக் கட்டிகள் அடைத்துக்கொள்ளும்போது பட்டையில் வந்த சீனி வழிந்து கொட்டும், தூசு கிளம்பும். கிளம்பிய தூசுக்கு இப்போது போக இடமில்லை. அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு விசாரணைச் சபை 2009இல் வெளியிட்ட அறிக்கை, அந்தப் பெட்டிக்குள் சூடேறிய ஒரு பெயாரிங்தான் பெரும்பாலும் பற்றவைத்திருக்கும் என்கிறது.

அந்த முதல் வெடிப்பு மட்டும் நடந்திருந்தால் சுரங்கம் சேதமாகியிருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஆட்களைக் கொன்றது அடுத்தடுத்து வந்தவை. முதல் வெடிப்பின் அழுத்த அலை பொதியிடும் கட்டடங்களுக்குள் பாய்ந்தது. உத்தரங்கள், குழாய்கள், மெசின் தலைகள், தரை என்று பல காலமாகப் படிந்து கிடந்த சீனித் தூசை அது உதறிக் கிளப்பியது. பின்னால் வந்த தீ கிளம்பிய தூசைப் பற்றிக்கொண்டது. கொங்கிரீட் தரைகள் மேலே தூக்கின, செங்கல் சுவர்கள் இடிந்து படிக்கட்டை மறித்தன, விளக்குகள் அணைந்தன. தீயணைப்புத் தூவிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும் உடைந்தன.

ஆபத்து தெரியாததால் நடந்தது என்று சொல்ல முடியாது. சீனித் தூசு வெடிக்கும் என்பதை அந்தத் தொழில் 1925 முதலே அறிந்திருந்தது. அந்த ஆலையின் நிர்வாகமே 1958இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறது. ஆபத்து எழுத்தில் இருந்தது, தூசு உத்தரத்தில் இருந்தது.

தேயிலைத் தூசும் வெடிக்கும்

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் எரியக்கூடிய தூசுப் பட்டியலில் சீனி, கோதுமை மா, வாசனைப்பொருட் தூள் ஆகியவற்றோடு தேயிலையும் இருக்கிறது. வெடிப்பின் வேகத்தைக் கொண்டு தூசுகளை மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். விவசாயப் பொருட்களின் தூசு பெரும்பாலும் முதல் வகுப்பில், அதாவது மெதுவான வகுப்பில், விழும். சீனியும் அதே வகுப்புத்தான். மெதுவானது என்று பெயரிட்ட வகுப்பு என்ன செய்யும் என்பதைப் போர்ட் வென்ட்வேர்த்தில் பார்த்தாயிற்று.

எல்லாத் தேயிலையும் வெடிக்காது. பேக்கோ போன்ற பெரிய இலைத் தரம் குவியலாகக் கிடந்தால் புகையும், எரியும், வெடிக்காது. அரை மில்லிமீற்றருக்குக் குறைவான துகளும், தண்டிலிருந்து உரிந்து பறக்கும் மென்பஞ்சும்தான் இங்கே பேச்சு. மெசின் தலையில் கபிலநிறத் துணி போர்த்தியது போலப் படிவது அதுதான். ட்ரையரிலிருந்து இறங்கும் தேயிலையில் ஈரம் சுமார் 3 வீதம். அந்த நேரத்தில் அதன் தூசு மிக உலர்ந்தது, எளிதில் பற்றக்கூடியது.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லவேண்டும். வெளியே நாள் முழுக்க மூடுபனியும் தூறலுமாக இருக்கிறதே, தூசு எப்படி வெடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. வெளிக்காற்றின் ஈரம் ட்ரையருக்குள்ளும் உறிஞ்சும் குழாய்க்குள்ளும் போய் உட்காருவதில்லை. தேயிலை ஈரம் பிடித்துவிடக்கூடாது என்பதற்காகவே சிப்டிங் ரூமை உலர்வாக வைக்கிறோம். 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு மாக் கிடங்கு வெடித்ததை மொரோஸ்ஸோ பிரபு எழுதிவைத்தார். தூசு வெடிப்பு பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. மா வழக்கத்தைவிட உலர்ந்திருந்ததை அவரே ஒரு காரணமாகக் குறித்திருக்கிறார்.

எவ்வளவு தூசு?

உணவுத் தூசுகள் வெடிக்க ஒரு கனமீற்றர் காற்றில் குறைந்தது பல பத்துக் கிராம் மிதக்க வேண்டும். பொதுவாக 50 முதல் 100 கிராம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கனமீற்றரில் 40 கிராம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 2 மீற்றர் தள்ளி எரியும் 25 வொட் பல்ப் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு அடர்த்தியான காற்றில் ஆட்கள் நின்று வேலை செய்ய முடியாது. ஆகவே சிப்டிங் ரூமில் நாம் தினமும் பார்க்கும் மங்கலான தூசுக்காற்று தானாக வெடிக்காது. அது நெஞ்சுக்குக் கேடு, அது வேறு விடயம். வெடிக்கும் செறிவு இருக்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, மூடிய பெட்டிகளுக்குள்: உறிஞ்சும் குழாய், காற்றைச் சுழற்றித் தூசைப் பிரிக்கும் சைக்லோன், பை வடிகட்டி, வாளி எலிவேட்டர், தகடு போர்த்திய கன்வேயர். மற்றது, படிந்திருக்கும் தூசு. அது கிளம்பும்வரை காத்திருக்கிறது.

படிந்த தூசை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 10 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் தகடுகள் பத்து வெட்டி, உத்தரத்தின் மேலும் மெசின் தலையிலும் மின்விளக்குக் கூட்டின் மேலும் வைக்கவும். வாரம் ஒருமுறை எடுத்து, ருசி பார்க்கும் மேசையில் இருக்கும் சின்னத் தராசில் நிறுக்கவும். ஒரு கோப்பைக்கு நிறுக்கும் 2.8 கிராம் அளவு ஒரு தகட்டில் சேர்ந்திருந்தால், அந்த மேற்பரப்பில் ஒரு சதுரமீற்றருக்கு 280 கிராம் கிடக்கிறது. அந்தப் படிவு தரை முழுவதும் இருந்து, 4 மீற்றர் உயரமான அறையில் கிளம்பிப் பரவினால், ஒரு கனமீற்றருக்கு 70 கிராம். வெடிக்கும் எல்லைக்குள் வந்தாயிற்று. அதில் பாதி, அதாவது 1.4 கிராம், சேரும்போதே அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் முறை நாள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் பழைய அளவுகோல் 0.8 மில்லிமீற்றர், காகிதக் கிளிப்பின் கம்பித் தடிப்பு. அந்தத் தடிப்புத் தூசு தரைப்பரப்பில் 5 வீதத்துக்கு மேல் இருந்தால் அது ஆபத்தான அறை. 20 மீற்றருக்கு 10 மீற்றர் சிப்டிங் ரூமில் 5 வீதம் என்பது 10 சதுரமீற்றர்தான். உத்தரங்களின் மேற்பரப்பை மட்டும் கூட்டினாலே அதற்குக் கிட்ட வந்துவிடும். அந்த அளவு கனமான தூசுக்கு வகுத்தது என்பதால், இலேசான தேயிலைப் பஞ்சுக்குச் சூத்திரப்படி பல மில்லிமீற்றர்வரை விட்டுக்கொடுக்கலாம். அந்தச் சலுகையை எடுக்காமல் இருப்பதே எமது ஆலோசனை. மேலே உள்ள தகட்டுக் கணக்கு அதற்குப் போதுமான காரணம்.

குழாய்க்குள் நிலைமை இன்னும் மோசம். ஒரு லீற்றர் பாத்திரத்தில் பஞ்சுத் தூசை அமுக்காமல் நிரப்பி நிறுத்தால் 150 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் அது 1 மில்லிமீற்றர் படிந்திருந்தால், கிளம்பும்போது ஒரு கனமீற்றருக்கு 1 கிலோகிராம். ஒரு மில்லிமீற்றர் படிவுதான், தேவையைப்போல் பத்து மடங்கு.

உறிஞ்சும் குழாய் ஏன் அடைக்கிறது

போர்ட் வென்ட்வேர்த்தில் தூசு உறிஞ்சும் அமைப்பு இருந்தது. வேலைக்குப் போதாமலும் பழுதாகியும் இருந்தது. அதே நோய் நம் ஸ்டோர்களிலும் ஒரே வழியாகத்தான் வருகிறது. நான்கு சல்லடை மெசினுக்குப் போட்ட விசிறியில், அடுத்த வருடம் புதிதாக வரும் மெசினுக்கும் ஒரு கிளைக்குழாய் ஒட்டுகிறோம். விசிறி இழுக்கும் காற்று கூடுவதில்லை, ஐந்தாகப் பங்கு போகிறது. உலர்ந்த தேயிலைத் தூசைக் குழாயில் படியவிடாமல் கொண்டுபோகக் கிட்டத்தட்ட செக்கனுக்கு 18 மீற்றர் வேகம் தேவை. 150 மில்லிமீற்றர் குழாயில் அது மணிக்கு சுமார் 1,150 கனமீற்றர் காற்று. ஐந்தாவது கிளை வந்ததும் ஒவ்வொன்றிலும் வேகம் 14 ஆகிறது. வளைவுகளில் தூசு படிகிறது. படிவு துவாரத்தைச் சுருக்குகிறது, வேகம் இன்னும் குறைகிறது. மெசின் வாயில் தூசு பறக்கிறதே என்று ஒருவர் அங்கே கோணிச்சாக்கைக் கட்டிவிடுகிறார். மூடி மீண்டும் வந்துவிட்டது.

வேகத்தை அளக்க, ஓடும் காற்றின் அழுத்தத்தைப் பிடிக்கும் பிட்டோ குழாயும், தண்ணீர் ஊற்றிய வளைகுழாயும் போதும். ஆனால் உயரத்தை மறக்கக்கூடாது. கடல்மட்டத்தில் 18 மீற்றர் வேகம் 20 மில்லிமீற்றர் தண்ணீர் உயரமாகக் காட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலேசு. அதே வேகம் அங்கே 16 மில்லிமீற்றர்தான் காட்டும். கொழும்பிலிருந்து வந்த அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டினால், நன்றாக ஓடும் குழாயைக் கெட்டது என்று நினைப்பார்கள். விசிறியை விலைபேசும்போதும் எந்த உயரத்தில் ஓடப்போகிறது என்று கடிதத்தில் எழுதிக் கேட்கவேண்டும்.

விசிறி வடிகட்டிக்குப் பின்னால், சுத்தக் காற்றுப் பக்கத்தில் இருக்கட்டும். தூசு நிறைந்த காற்று விசிறி இதழ்களூடாகப் போனால், உதிர்ந்த ஓர் ஆணி போதும் பொறி பறக்க. குழாய்த் துண்டுகள் எல்லாம் உலோகமாக இருந்து, ஒவ்வொரு இணைப்பையும் தாண்டிச் செம்புக் கம்பி போட்டு நிலத்தொடுப்பு (எர்த்) செய்யவேண்டும். பல்மானியில் (மல்டிமீற்றரில்) அளந்தால் துண்டுக்குத் துண்டு 10 ஓமுக்கு மேல் காட்டக்கூடாது. இறப்பர் காஸ்கெட் வைத்து முடுக்கிய இணைப்புத்தான் வழக்கமாகத் தப்புகிற இடம். சல்லடையின் ஆட்டத்துக்காகப் போடும் மடிப்புக் குழாய் சாதாரணப் பிளாஸ்ரிக்கில் இருந்தால், அதற்கு அப்பால் உள்ள உலோகம் எல்லாம் தனித்துப்போய் மின்னேற்றத்தைச் சேர்க்கும்.

வடிகட்டியை எங்கே வைப்பது

பை வடிகட்டி கட்டடத்துக்கு வெளியே இருக்கவேண்டும். இதில் சமரசம் கிடையாது. மூடிய பெட்டிக்குள் நுண்தூசும் காற்றும் எந்நேரமும் கலந்திருக்கும் இடம் அது. பைகளை உதறும் ஒவ்வொரு முறையும் வெடிக்கும் செறிவு உண்டாகிறது. அதன் ஒரு பக்கத்தில், உள்ளே அழுத்தம் ஏறினால் முதலில் திறந்துவிடும் மெல்லிய தகடு இருக்கவேண்டும். போர்ட் வென்ட்வேர்த்திலேயே பெரிய வெடிப்புக்குச் சில நாள் முன்னர் ஒரு தூசு சேகரிப்பான் வெடித்தது. அதில் திறப்புத் தகடு இருந்ததால் இலேசான சேதத்தோடு போயிற்று. அந்த ஒரு பெட்டி தப்பியது, ஆனால் அதிலிருந்து மற்ற இடங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

தகடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தோட்டத்தில் முக்கியம். திறந்ததும் வெளியே பாயும் தீப்பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐரோப்பிய நியமத்தில் எளிய கணக்கு உண்டு: பெட்டியின் கொள்ளளவின் கனமூலத்தைப் பத்தால் பெருக்கவேண்டும். 2 கனமீற்றர் வடிகட்டி என்றால் 12 மீற்றருக்கும் சற்று மேல். மலைச்சரிவில் கட்டிய ஸ்டோரைச் சுற்றிச் சமநிலம் குறைவு. கொழுந்து நிறுக்கும் இடம், லொறி திரும்பும் முற்றம், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகும் குறுக்குப்பாதை எல்லாம் அந்த 12 மீற்றருக்குள்தான் இருக்கும். சரிவுப் பக்கம் வெறும் தேயிலைச் செடியைப் பார்க்கும்படி தகட்டைத் திருப்பி, அந்தப் பரப்பை வேலியிட்டு ஆட்கள் போகாமல் அடைக்கவேண்டும். விறகு அடுக்குவதற்கு அந்த இடம் தோதாகத் தெரியும். அடுக்கவிடக்கூடாது.

திறப்புத் தகடு மட்டும் போதாது. வெடிப்பு குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து சிப்டிங் ரூமுக்குள் பாயும். வரும் குழாயில் பின்னோக்கு அழுத்தம் வந்தால் தானாக மூடும் தடுப்பு வால்வு ஒன்றும், கீழே தூசு கொட்டும் வாயில் சுழல்வால்வு ஒன்றும் தேவை. இவற்றின் அளவை ஸ்டோரிலேயே ஊகிக்கக்கூடாது. உங்கள் ஸ்டோரின் தூசை, மிக நுண்ணியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்கும் இடத்தில் எடுத்து, 20 லீற்றர் கோள அறையில் சோதிக்கக் கொடுத்து, வரும் அழுத்த எண்களை வைத்துத்தான் தகட்டின் பரப்பைக் கணக்கிடவேண்டும்.

எது பற்றவைக்கும்

தேயிலை ஸ்டோரில் முதல் சந்தேகநபர் ட்ரையர். சூட்டுக் காற்று 100 பாகை செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் உள்ளே போகிறது. அந்தச் சூட்டில் ஓடுகிற தேயிலைக்கு ஒன்றும் ஆகாது. மூலையில், தட்டின் இடுக்கில், காற்றறையின் அடியில் தங்கிவிட்ட தூளுக்கு ஆகும். படிவு தடிக்கத் தடிக்கத் தானாகப் பற்றும் வெப்பநிலை இறங்கும், ஏனென்றால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற முடியாது. அப்படிக் கனன்ற ஒரு கட்டி வெளிப்பட்டுக் கன்வேயரில் ஏறினால், அடுத்த நிமிடம் அது சல்லடைக்கோ உறிஞ்சும் குழாய்க்கோ போய்ச் சேரும். விறகு ஃபர்னஸின் காற்றுச் சூடாக்கிக் குழாய்கள் ஓட்டை விழுந்தால் பொறியும் புகையும் நேராக ட்ரையருக்குள் வரும். தேயிலையில் புகைவாடை என்று ருசி பார்ப்பவர் சொன்னால் அதைத் தரக் குறைபாடாக மட்டும் எழுதிவைக்காமல், அன்றே ஃபர்னஸ் குழாய்களைப் பார்க்கவேண்டும். அதைவிட மலிவான முன்னெச்சரிக்கை கிடையாது.

இரண்டாவது, பெயாரிங். எலிவேட்டரின் மேல்தலை, கன்வேயரின் வால்பக்கம் ஆகிய இரண்டும் கண்ணுக்கு எட்டாதவை, ஆகவே கிரீஸும் எட்டாதவை. தகடு போர்த்திய கன்வேயர் என்றால் பெயாரிங் தகட்டுக்கு வெளியே இருக்கும்படி மாற்றவேண்டும். வாரம் ஒருமுறை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்து எழுதவும். எண்ணைவிட அதன் போக்கு முக்கியம்: 45, 46, 45 என்று இருந்தது 60 ஆனால் அன்றிரவு அந்த லைன் ஓடக்கூடாது. மின்மோட்டார் போன்ற சூடாகும் மேற்பரப்புகளுக்கு வேறு கணக்கு. 5 மில்லிமீற்றர் தூசுப் படிவு பற்றும் வெப்பநிலையிலிருந்து 75 பாகையைக் கழித்தால் வருவதே அனுமதிக்கக்கூடிய உச்சம்.

நார் பிரிக்கும் மெசினைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், அது வேண்டுமென்றே நிலைமின்னை உண்டாக்குகிற மெசின் ஆயிற்றே என்று. பிளாஸ்ரிக் உருளையின் பரப்பிலிருந்து வரும் சிறு மின்னிறக்கம் தூசை மட்டும் பற்றவைப்பது அரிது. பயப்படவேண்டியது அதன் பக்கத்தில் நிலத்தொடுப்பில்லாமல் நிற்கும் உலோகத் தட்டைப் பற்றி. அது சேர்த்துவைத்து ஒரே பொறியாக விடும்.

வெல்டிங் பற்றி நீட்டத் தேவையில்லை. 11 மீற்றர் சுற்றளவில் தூசு அகற்றி, கீழ்மாடிப் பலகை இடுக்குகளை ஈரச்சாக்கால் மூடி, முடிந்தபின் ஒரு மணிநேரமாவது ஒருவர் காவல் இருக்கவேண்டும்.

பூசையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதை முனிக்குக் கற்பூரம் காட்டாத ஸ்டோர் குறைவு. ஆயுத பூசைக்கு மெசினுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைப்போம். யாரும் அதை நிறுத்தப்போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். வரிசை மட்டும் சரியாக இருக்கட்டும்: மெசினை நிறுத்தி, உத்தரத்திலிருந்து தரைவரை சுத்தம் செய்து, கிளம்பிய தூசு படிந்து அதையும் எடுத்தபின், கற்பூரத்தட்டு சிப்டிங் ரூமின் வாசலோடு நிற்கட்டும். கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் கற்பூரம் கொளுத்துவதுதான் அந்த நாளின் மிகப் பெரிய ஆபத்து.

கூட்டுவதா, ஊதுவதா, உறிஞ்சுவதா

போர்ட் வென்ட்வேர்த்தில் மெசின்களின் தூசை அமுக்கக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தார்கள். ஊதினால் மெசின் பளிச்சென்று ஆகும், தூசு உத்தரத்துக்குப் போகும். அதாவது கைக்கு எட்டிய ஆபத்தைக் கைக்கு எட்டாத இடத்துக்கு ஏற்றிவைக்கிறோம். முதலில் உறிஞ்சி எடுக்கவேண்டும். உறிஞ்சும் குழல் எட்டாத இடுக்குக்கு மட்டும் ஊதலாம், அதுவும் அழுத்தம் 1 பாருக்கு மேல் போகாமல், மெசின்களும் ட்ரையரும் நின்றபின். வீட்டு வெற்றிடத் துப்பரவுக் கருவி வேண்டாம். அதன் மோட்டார் தூசுக்காற்றிலேயே ஓடுகிறது.

மேலிருந்து கீழே என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் தரை தினமும் மினுங்க, உத்தரம் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும் ஸ்டோர்தான் அதிகம். பொய்க்கூரை அடித்த ஸ்டோரில் அதுவும் இல்லை, உத்தரம் கண்ணிலேயே படாது. 2003 ஜனவரி 29இல் அமெரிக்காவின் வட கரோலைனா, கின்ஸ்டனில் இறப்பர்ப் பொருள் செய்யும் ஆலை ஒன்று வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். கீழே ஓயாமல் சுத்தம் செய்த ஆலை அது. பொலிதீன் நுண்தூசு பொய்க்கூரைக்கு மேலே ஏறிப் படிந்திருந்தது. பொய்க்கூரை வேண்டுமென்றால், அதன் விளிம்புகளை அடைத்துப் பூசி, ஏறிப் பார்க்க ஒரு கதவு வைத்து, அந்த நிறுக்கும் தகடுகளில் இரண்டை அதன் மேலே வைக்கவும். பழைய கட்டடங்களில் ட்ரையர் அறைச் சூட்டை மேல்மாடிக் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்கு இழுக்கும் வழி இருந்தால், அந்த வழியிலும் ஒன்று. அந்த வழி தூசை மட்டுமல்ல, கீழே நடக்கும் வெடிப்பையும் மேலே கொண்டுபோகும். வெள்ளைத்துணி விரித்த மேசையைப் போல உத்தரங்களுக்கு வெளிர்நிற வண்ணம் அடித்துவிடுங்கள். கபிலநிறத் தூசு கீழிருந்தே தெரியும்.

ட்ரையருக்குள் புகை வந்தால்

இது பெரும்பாலும் விடிகாலையில், ஆட்கள் குறைந்த நேரத்தில் நடக்கும். முதலில் கையில் வருவது ட்ரையரின் கதவும் தீயணைப்பானும். இரண்டும் பிழை. கதவைத் திறந்தால் கனன்ற தூளுக்கு ஒட்சிசன் போகிறது, காற்றோடு தூசும் கிளம்புகிறது. தூள் தீயணைப்பானின் வேகமான பீச்சல் தூசைப் பறக்கவைக்கும். குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினாலும் அதே கதி.

இலை ஊட்டுவதை நிறுத்தவும். சூட்டுக் காற்று வழியை அடைத்து விசிறியை நிறுத்தவும். ட்ரையருக்குப் பின்னால் உள்ள கன்வேயரை உடனே நிறுத்தவும், இதுதான் பலர் மறப்பது. கனன்ற கட்டி சிப்டிங் ரூமுக்குப் போகாமல் தடுக்கும் ஒரே இடம் அது. தூசு உறிஞ்சும் விசிறியும் நிற்கட்டும், இல்லாவிட்டால் அது பொறியை வடிகட்டிக்கு இழுத்துக்கொடுக்கும். சிப்டிங் ரூம் ஆட்கள் வெளியேறியபின், மூடியபடியே ஆறவிட்டு, தூறல் முனை போட்ட குழாயால் மெல்ல நனைத்து, இரும்பு வாளியில் எடுத்து வெளியே கொட்டவேண்டும். அந்த வாளி கழிவுத் தேயிலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேரக்கூடாது. உள்ளே கனல் பல மணிநேரம் உயிரோடு இருக்கும். பிறகு சைக்லோனையும் வடிகட்டியின் அடிப்பெட்டியையும் கைவைத்துத் தொட்டுப் பார்க்காமல் விசிறியை மீண்டும் போடவேண்டாம்.

சட்டமும் கதவும்

இலங்கையின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் வெடிக்கக்கூடிய தூசைப் பற்றிப் பேசுகிறது. இயந்திரத்தை மூடிவைத்தல், அதையும் மீறி வெளிவரும் தூசு சேராமல் அகற்றுதல், பற்றவைக்கும் எதையும் விலக்கிவைத்தல் என்று மூன்றும் சேர்ந்த கடமை அது. போர்ட் வென்ட்வேர்த்தில் முதலாவதை மட்டும் செய்தார்கள். மூடி போடும் செலவைக் கேட்டுப் தோட்ட முகாமையாளரான பெரிய துரைக்குக் கடிதம் எழுதும், ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர், உறிஞ்சும் கிளைக்குழாயையும் திறப்புத் தகட்டையும் அதே மதிப்பீட்டில் சேர்த்து எழுதவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று பிரித்த மதிப்பீட்டில் மூடி மட்டும்தான் வந்து சேரும்.

அங்கே வெளியேறும் பயிற்சி நடத்தியிருக்கவில்லை. விளக்கு அணைந்த கட்டடத்தில் ஆட்கள் சுவரைத் தடவித்தான் வந்தார்கள். நம் சிப்டிங் ரூமில் தேயிலை களவுபோகும் என்று இரவில் பக்கக் கதவைப் பூட்டினால், பூட்டு உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கம்பித் தாழ்ப்பாளாக இருக்கட்டும். வெளியிலிருந்து திறக்கத்தான் சாவி. பற்றரியில் எரியும் விளக்கு ஒன்று படிக்கட்டில். சாக்குகளை அந்தக் கதவில் சாத்திவைப்பதை முதல் நாளிலேயே தடுக்கவேண்டும், பத்தாவது நாள் முடியாது.

சங்கைப் பற்றி ஒன்று. ஸ்டோர்ச் சங்கு வேலைக்குக் கூப்பிடவும் ஊதும், அதனால் லயத்தில் யாரும் அதற்குத் திடுக்கிடுவதில்லை. ஆபத்துக்கு விட்டுவிட்டு ஊதும் வேறு ஒலி ஒன்றை முடிவுசெய்து, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லோருக்கும் கேட்கவைத்து, தீயணைப்புப் படைக்கும் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கும் யார் அழைப்பது என்பதை இரவு முறைப் பட்டியலில் பெயர் போட்டு எழுதவும். கூடும் இடமாகக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் குறிக்குமுன் வெளியே போய் நின்று, வடிகட்டியின் தகடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.